வழக்குச் சொத்து

விடிந்தும் விடியாததுமாக நாலு வீட்டுத் துணியைத் தேய்த்து மடித்துக் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கட்டிவிட்டுத்தான் இஸ்திரிக்காரி தன் கணவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். தலைமுடியில் கரிப்புகை வாசம் இன்னும் போகவில்லை. முதல் மாடி நடைபாதையில், டயாலிசிஸ் வார்டு என்று எழுதிய இரட்டைக் கதவுக்கு எதிரே, சுவரோடு சேர்த்து ஒரு நீள இரும்பு பெஞ்சு. ஆட்கள் அதில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே உப்பல், தோலில் சாம்பல் பூத்த நிறம். யாருக்கு முறை தவறிப்போயிருக்கிறது என்பதைக் கால்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். முறை தவறியவர்களின் பாதம் செருப்புக்குள் நுழையாமல் பிதுங்கி நின்றது.

அவள் கணவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறி வந்திருந்தார். லாரி ஓட்டினவர். ஒரு காலத்தில் ஒரே மூச்சில் மலைப்பாதையெல்லாம் ஏறி இறங்கியவருக்கு இப்போது இந்த ஒரு மாடிக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"வாங்க வாங்க, உள்ள வாங்க. படியில நிக்காதீங்க," என்றார் பெஞ்சின் கோடியில் இருந்த கண்டக்டர். பஸ்ஸில் சீட்டுக் கிழித்து ஓய்வுபெற்றவர். பெஞ்சில் இருந்தவர்களை முழங்கையால் நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார்.

"வண்டி எப்ப சார் எடுப்பாங்க?" என்றார் லாரிக்காரர், மூச்சுக்கு நடுவே.

"டிரைவர் இன்னும் டீ குடிச்சு முடிக்கலையாம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரிக்க முடியாதவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அந்த பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பிலுள்ள ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, இயந்திரத்துக்குள் சுத்தமாகித் திரும்ப உடம்புக்குள் போக வேண்டும். தள்ளிப்போனால் நீர் கோத்துக்கொள்ளும். நீர் முதலில் காலுக்கு வரும், பிறகு வயிற்றுக்கு, அப்புறம் நெஞ்சுக்கு. நெஞ்சுக்கு வந்த பிறகும் மெஷின் கிடைக்காவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கதவு திறந்தது. இயந்திரங்களை இயக்குகிற டெக்னீஷியன் வெளியே வந்தான். எல்லோருக்கும் அவன் மெஷின் தம்பி. ஒப்பந்தச் சம்பளக்காரன். கையில் ஒரு தாள் வைத்திருந்தான். தாளைப் பார்த்தானே தவிர ஆட்களைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மெஷின்தான் ஓடுது. நாலு ரிப்பேர். இன்னைக்கு நாலு பேரைத்தான் எடுக்க முடியும். மத்தவங்க எதிர்ல போய்க்குங்க. சீட்டு எழுதித் தர்றேன்."

"போன வாரமும் நாலு ரிப்பேர்தானே தம்பி?" என்றாள் இஸ்திரிக்காரி.

"ஆமாக்கா."

"அதுக்கு முந்தின வாரம்?"

அவன் குனிந்து சீட்டு எழுத ஆரம்பித்தான்.

எதிரே என்றால் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, கண்ணாடி வைத்த மூன்று மாடிக் கட்டிடம். தனியார் டயாலிசிஸ் சென்டர். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருடைய மைத்துனருடையது அது. இது ரகசியமே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டுகிறவரைக் கேட்டாலும் சொல்வார். அரசு கொடுத்த காப்பீட்டு அட்டையை அங்கே முதலில் வாங்கிக்கொள்வார்கள். பிறகு ஊசிக்குத் தனி, குழாய்க்குத் தனி, படுக்கைக்குத் தனி. அட்டையில் அரசாங்கத்துக் காசும் போகும், பையில் நோயாளியின் காசும் போகும். இஸ்திரிக்காரியின் வீட்டில் விற்பதற்கு இனி அந்த இரும்பு இஸ்திரிப் பெட்டிதான் பாக்கி.

"இதுக்குத்தான் நான் அன்னைக்கே மலையில பிரேக் புடிக்காம விட்டிருக்கணும்," என்றார் லாரிக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு. "உனக்கும் ஒரே நாள் அழுகையோட போயிருக்கும்."

"வாயை மூடிக்கிட்டு நடங்க."

"மூடிக்கிட்டா மூச்சு எப்படி விடுறது?"

அவள் அவருடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து அதே பெஞ்சில்தான் விஷயம் கண் முன்னால் நடந்தது. ஆளும் கட்சிக்காரர் ஒருவரின் மாமியாரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பெரிய டாக்டர், அவர் பின்னால் நர்சுகள். நடைபாதையில் நின்றவர்களைக் காவலாளி சுவரோடு சுவராக ஒதுக்கினான். பெரிய டாக்டர் மெஷின் தம்பியிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். அவன் நடைபாதையின் மறுகோடிக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. வார்டுக்குள் போனான். அரைமணிகூட ஆகியிருக்காது, ரிப்பேர் என்று மாதக்கணக்காக மூலையில் நின்ற மெஷின் முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தம் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் மனப்பாடம். எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

அன்றைக்கு முறை கிடைக்காதவர்கள் மறுநாள் வந்தபோது அந்த மெஷின் மறுபடியும் ரிப்பேர்.

இஸ்திரிக்காரி அன்றைக்குக் கத்திவிட்டாள். இத்தனை நாளாக அவளுக்கு அவ்வளவு குரல் இருப்பது அவள் கணவருக்கே தெரியாது. "நேத்து ஓடுன மெஷினுக்கு ராத்திரியோட ராத்திரியா என்ன கேடு வந்துச்சு? கட்சிக்காரன் மாமியார் ரத்தம் வேற, எங்க ரத்தம் வேறயா? எங்களைச் சாகக் குடுத்துத்தான் உங்க மச்சான் மாடி மேல மாடி கட்டணுமா?"

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. அவர் கோபப்படவில்லை. அவள் கணவரின் தோளைத் தட்டினார். "உங்க சம்சாரமா? நல்லா பேசுறாங்க. அடுத்த முறைக்கு மெஷின் இருக்குமான்னு நான் சொல்ல முடியாது. இதெல்லாம் மெஷினு. அது இஷ்டத்துக்குத்தான் ஓடும்." சிரித்துவிட்டுப் போனார்.

கண்டக்டர் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"தங்கச்சி, கத்துனா தொண்டைதான் போகும். எழுத்துல குடுப்போம். நான் எழுதுறேன்."

"எழுதுனா?"

"எழுதுனா ஒரு நம்பர் விழும். நம்பர் விழுந்துட்டா அவனுங்க பதில் சொல்லியாகணும். முப்பது வருசம் சர்க்கார் வண்டியில இருந்தவன் சொல்றேன்."

மனுவை கண்டக்டர் அழகான கையெழுத்தில் எழுதினார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். இஸ்திரிக்காரி அன்று வண்டியைத் திறக்காமல், சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பஸ் மாறிப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய நகலைப் பத்திரமாக மடித்து வாங்கிவந்தாள். நடைபாதையில் அதைக் காட்டியபோது எல்லோரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள்.

பதில் வரத்தான் செய்தது. ஒரு நாள் காலை பெரிய டாக்டர் தன் அறைக்கு அவளையும் கண்டக்டரையும் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் அவர்கள் எழுதிய மனு இருந்தது, கண்டக்டரின் அதே கையெழுத்தோடு. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி.

"உட்காருங்க," என்றார் பெரிய டாக்டர். "படிக்கிறேன், கேளுங்க. 'சம்பந்தப்பட்ட அலுவலரே விசாரித்து அறிக்கை அனுப்பவும்.' சம்பந்தப்பட்ட அலுவலர் நான்தான். அதனால நான் இப்ப உங்களை விசாரிக்கணும்." பேனாவின் மூடியைத் திறந்தார். "சொல்லுங்க. நான் திருடனா?"

கண்டக்டர் அந்தச் சிவப்பு வரியை எட்டி இன்னொரு தடவை படித்தார்.

"ஆமாங்க," என்றாள் இஸ்திரிக்காரி.

பெரிய டாக்டர் எதையோ எழுதினார். "விசாரணை முடிஞ்சது. போகலாம்."

அதற்குப் பிறகு மெஷின் தம்பியின் தாளில் லாரிக்காரர் பெயரும் கண்டக்டர் பெயரும் ஓடுகிற மெஷினுக்கு வரவே இல்லை. எதிர்க் கட்டிடத்துக்குக் கொடுக்கக் காசில்லாத ஒரு வாரத்தில் லாரிக்காரர் நெஞ்சு வரை நீர் ஏறி, படுக்க முடியாமல் சுவரைப் பிடித்து உட்கார்ந்தே இருந்தார். அவள் தெருத்தெருவாகப் போய், இனிமேல் தேய்க்கப்போகும் துணிக்கெல்லாம் முன்கூட்டியே கூலி வாங்கி அவரை எதிரே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"விட்டுடு," என்றார் அவர், மூச்சு வந்த பிறகு. "அவனுங்களோட மோதி நமக்கு ஆகாது. நீ வாயைத் திறக்காம இருந்தா எப்பவாவது உள்ள கூப்பிடுவானுங்க."

"எப்பவாவதுன்னா?"

"எப்பவாவதுதான்."

"எப்பவாவது சாப்பிட்டு உயிரோட இருக்க முடியுமா? இதுவும் அப்படித்தானே?" அவள் அவருடைய இடது முழங்கையைத் தொட்டாள். ஊசி குத்துவதற்காக நரம்பை இணைத்துத் தைத்த இடம். தொட்டால் பூனை உறுமுவதுபோல உள்ளே ரத்தம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு இருக்கும்வரை நரம்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எது போனாலும் அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் அவள் வேலைக்குக் கிளம்ப மாட்டாள்.

லஞ்ச ஒழிப்பு அலுவலகம் ஊரின் மறுகோடியில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது. கண்டக்டரும் அவளும்தான் போனார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். அவர்கள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

"எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா நான் நம்புறது கோர்ட்டுல நிக்காது. உள்ளே இருந்து ஒரு ஆள் சொல்லணும். யாராவது சொல்லுவாங்களா?"

இஸ்திரிக்காரிக்கு யார் என்று தெரியும். அங்கேயே அவள் சொல்லவில்லை.

மெஷின் தம்பி மதியச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய கட்டில்கள் குவித்துவைத்த இடத்தில் உட்காருவான். அவள் போய்ப் பக்கத்துக் கட்டில் கம்பியில் உட்கார்ந்தாள். அவன் டப்பாவை மூடினான்.

"சாப்பிடு தம்பி. நான் ஒண்ணும் பிடுங்கிட மாட்டேன்."

"அக்கா, எனக்கும் சம்பளம் வந்து நாலு மாசமாச்சு. நான் என்ன பண்ண முடியும்?"

"அன்னைக்குத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தியே, அது என்ன?"

அவன் டப்பா மூடியை இறுகத் திருகினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "போர்டுக்கா. மெஷினுக்குள்ள இருக்கும். உள்ளங்கை அளவுதான். அதைக் கழட்டிட்டா மெஷின் எந்திரிக்காது. நாலு மெஷினோட போர்டும் அவர் ரூம் அலமாரியில இருக்கு. கழட்டச் சொன்னது அவர். கழட்டுனது நான். மாட்டேன்னு சொன்னேன். மறுநாளே என் வேலைக்கு வேற ஆள் வந்து வாசல்ல நின்னான்."

"போன மாசம் பெஞ்சுலயே சரிஞ்சு செத்துப்போச்சே, கட்டடத்துல சித்தாள் வேலை பார்த்த பொண்ணு. அது சீட்டையும் நீதானே எழுதுன?"

அவன் கண்ணில் நீர் நிறைந்தது. "என்னைத் தூங்க விட மாட்டேங்குதுக்கா அது."

"அப்ப சொல்லு. உன் வாயால சொல்லு. நான் கூட வர்றேன்."

"என்னைப் புடிச்சு உள்ள போட்டுட்டா?"

"உண்மையைச் சொல்றவனை எதுக்குடா உள்ள போடுவாங்க?" என்றாள் அவள். சொன்னபோது அதை முழுக்க நம்பினாள்.

அவன் போய்ச் சொன்னான். அவர்கள் வந்தார்கள். காலை நேரம், பெஞ்சு நிறைந்திருந்த வேளையில், இன்ஸ்பெக்டரம்மாவும் ஆட்களும் படியேறி வந்து நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைந்தார்கள். அலமாரியிலிருந்து துணி சுற்றிய நாலு பொட்டலங்களையும் எடுத்து மேஜை மேல் வைத்துப் படம் பிடித்தார்கள். கதவுக்கு வெளியே கால் வீங்கிய கூட்டம் ஒருவர் தோளைப் பிடித்து ஒருவர் எட்டிப் பார்த்தது. நடுவே பெரிய டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்த பழைய விசிலை எடுத்து நீளமாக ஊதினார். நர்சுகள் திட்டவில்லை. ஒரு நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காவலாளி எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். நீர் சேரும், குடிக்கக் கூடாது என்று தெரிந்தும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்.

டீ தம்ளர் காலியாகும் முன்பே இன்ஸ்பெக்டரம்மாவின் ஆட்கள் வார்டுக்குள் போய், உள்ளே இருந்த நோயாளிகளின் முறை முடிந்ததும் அவர்களை வெளியே அனுப்பி, இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். ஒருவன் மெழுகுவத்தியைக் கொளுத்தினான். பூட்டைச் சுற்றித் துணி கட்டி, சிவப்பு அரக்கை உருக்கி, பித்தளை முத்திரையை அழுத்தினான்.

"இது எதுக்குங்க?" என்றாள் இஸ்திரிக்காரி.

"மெஷின்தாம்மா முக்கியமான சாட்சி," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "யாரும் கை வைக்காம இருக்கணும். கோர்ட்டு உத்தரவு வந்ததும் திறந்துடுவாங்க."

"ஓடிட்டிருந்த ரெண்டுமா?"

"வார்டு மொத்தமும் வழக்குச் சொத்து."

"அப்ப நாங்க நாளைக்கு?"

இன்ஸ்பெக்டரம்மா அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "சீக்கிரம் திறக்கச் சொல்லி நானே எழுதுறேன்," என்றார்.

பெரிய டாக்டருக்கு அன்று சாயந்திரமே நெஞ்சுவலி வந்தது. வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில், குளிர்வசதி அறையில் படுத்துக்கொண்டே ஜாமீன் வாங்கினார். பாகங்கள் தொலைந்துபோகாமல் பத்திரப்படுத்தித்தான் வைத்திருந்தேன் என்றார். அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், மருத்துவக் கருவிகள் வாங்குகிற பிரிவுக்கு. போர்டைக் கழற்றிய கை மெஷின் தம்பியுடையது. எதிர்க் கட்டிடத்துக்கு எழுதிய சீட்டுகளில் இருந்த கையெழுத்தும் அவனுடையதுதான். அவனை ரிமாண்டில் வைத்தார்கள்.

அவள் லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். "நீங்கதானேம்மா சொல்லச் சொன்னீங்க? அவன் சொன்னதாலதானே புடிச்சீங்க?"

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "அவனைச் சாட்சியாத்தான் எழுதினேன். மேலதிகாரிங்க குற்றவாளியா மாத்திட்டாங்க. எனக்கும் மாறுதல் வந்துடுச்சு. அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன்." மேஜைமேல் இருந்த தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்கவில்லை.

வார்டைத் திறக்கச் சொல்லி கண்டக்டர் கோர்ட்டில் மனுப் போட்டார். அரசு தரப்பு வக்கீல் வரவில்லை என்று ஒரு முறை தள்ளிவைத்தார்கள். நீதிபதி விடுப்பு என்று ஒரு முறை. ஒவ்வொரு முறையும் கண்டக்டரின் கால் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அதுவரை எதிர்க் கட்டிடத்துக்குப் போய்வந்தவர், இரண்டாவது முறைக்குப் பிறகு போக மறுத்தார். "அவன் கட்டடத்துல இனிமே ஒரு செங்கல்கூட என் காசுல ஏறக் கூடாது தங்கச்சி," என்றார். காசும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்தபோது முகம் பளபளவென்று உப்பி, பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை நின்றார்.

அடுத்த விசாரணையில் கண்டக்டரின் பெயரைக் கூப்பிட்டார்கள். இஸ்திரிக்காரி எழுந்தாள்.

"அவரு செத்துட்டாருங்க. முந்தாநாள்."

குமாஸ்தா நீதிபதியிடம் குனிந்து பேசினார். "மனுதாரர் இறந்துவிட்டபடியால் மனு முடித்துவைக்கப்படுகிறது" என்று எழுதிக்கொண்டார்கள்.

"அவரு வார்டைத் திறக்காததாலதாங்க செத்தாரு! அந்த மனுவை முடிச்சா எப்படிங்க? நான் இருக்கேன். என் பேரைப் போட்டுக்குங்க."

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. புதுசா போடுங்க," என்றார் குமாஸ்தா. அவர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அந்த வாரம் வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். வயதானவள் இல்லை, ஆனால் நடையில் வயதாகியிருந்தது. பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் பலகையின் மேல் வைத்தாள். துவைத்து, நீலம் போட்டு, கசங்கியிருந்தது.

"நாளைக்கு என் பையனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. ஜெயில்ல போட்டுக் கசங்கின சட்டையோட வேணாம்னு சொல்லியிருக்கான்."

இஸ்திரிக்காரிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் பெட்டியின் பிடியை விட்டுவிட்டாள். மெஷின் தம்பியின் அதே கண்கள்.

"அம்மா, நான்..."

"நீங்கதானே அவனைப் பேசச் சொன்னது?"

"ஆமாம்மா."

"எங்கிட்டயும் சொன்னான். ஒரு அக்கா சொல்லுச்சு, உண்மையைச் சொன்னா உள்ள போட மாட்டாங்கன்னு." அந்தப் பெண்ணின் குரல் உயரவில்லை. "உங்களைத் திட்டத்தான் வந்தேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கிட்டே வந்தேன். பெஞ்சுல இருந்த ஆளு செத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக்காரருக்கும் முடியலையாம். இனி உங்களைத் திட்டி என்ன பண்ண? சட்டையைத் தேச்சுக் குடுங்க. காலர் விறைப்பா நிக்கணும். திருடன் மாதிரித் தெரியக் கூடாது."

இஸ்திரிக்காரி தண்ணீர் தெளித்து, சட்டையைப் பலகையில் விரித்தாள். காலரை உட்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை. கைப்பட்டையில் மடிப்பு கத்தியாக நிற்கும்வரை அழுத்தினாள். தெளிக்காத இடத்தில் விழுந்த துளிகளின் மேலும் பெட்டியை ஓட்டினாள். மடித்த சட்டையைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, கசங்கிவிடாமல் இரு கைகளிலும் ஏந்தியபடி அந்தப் பெண் தெருவில் நடந்து போனாள்.

நோயாளிகள் இன்னும் அந்த பெஞ்சுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். எதிர்க் கட்டிடத்தில் காப்பீட்டு அட்டை செல்ல வேண்டுமென்றால், வார்டில் இடமில்லை என்று அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்கி வர வேண்டும். சீல் வைத்த கதவின் முன் ஒரு மேஜை போட்டு, புதிதாக வந்த ஒரு கிளார்க் அந்தச் சீட்டைக் கொடுத்தார். கதவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் கட்டிடத்தில் கூட்டம் தாங்காமல் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு லாரிக்காரரால் படியேற முடியவில்லை. பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினார்.

"கேளு," என்றார்.

மேலே மெஷின் முனகிக்கொண்டிருந்தது. ஒன்று இல்லை, பல.

அவர் அவள் தோளைப் பிடித்து எழுந்தார். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ, மிச்சமிருந்த படிகளை நிற்காமல் ஏறினார். நடைபாதையில் பெஞ்சு காலியாக இருந்தது. எல்லோரும் கதவின் முன்னால் கூடியிருந்தார்கள். அரக்கு முத்திரை உடைக்கப்பட்டு, துணி கழற்றப்பட்டிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை வைத்தாள்.

உள்ளே ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஆறிலும் பச்சை விளக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சாய்வுப் படுக்கை, மேலே பாலிதீன் உறை போட்டு. மெஷின்களிலிருந்து வந்த குழாய்கள் தரையிலிருந்த சாக்கடை வாய்க்குள் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு மெஷினுக்கு மெஷின் நடந்துகொண்டிருந்தான்.

"திறந்துட்டாங்களா சார்?" என்றாள் அவள், போலீஸ்காரரைப் பார்த்து.

"இல்லம்மா. சும்மா நின்னா மெஷின் கெட்டுடுமாம். இனி வாரத்துக்கு ஒரு தடவை, கழட்டுன போர்டையும் மாட்டி, இப்படி ஓட்டி நிறுத்தணும்னு கோர்ட்டு உத்தரவு. முடிஞ்சதும் திரும்பச் சீல் வச்சுடுவாங்க." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு கேஸ் நடக்கும்போது ஆதாரம் நல்லபடியா இருக்கணும் இல்லையா? கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார், வெறுங்காலோடு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு. இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக, எல்லோருமே சுருட்டிவிட்டிருந்தார்கள்.